யாகூப் இல்லாத ஆல்பம்

'உலைக்களம்' என்ற மெட்டல் இசைக்குழுவின் இரண்டாவது ஆல்பம் முடிந்துவிட்டது. மறுநாள் காலை வெளியீடு. அதற்கு முன் ரெஜினா டீச்சர் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று குழுவின் தலைவன் இளம்பரிதி ஹார்ட் டிஸ்க்கோடு வளசரவாக்கத்தில் இருந்த அவருடைய ஸ்டுடியோவுக்கு வந்தான்.

டீச்சர் அவனைவிட மூன்று வயது இளையவர். ஆனாலும் குழுவில் எல்லோரும் அவரிடம் கற்றவர்கள்தான். முதல் ஆல்பத்தை ஒலிப்பதிவு செய்தவரும் அவர்தான்.

"முதல் ஆல்பத்தைத் தாண்டிடுச்சா? அது மட்டும் சொல்லுங்க டீச்சர்."

"டிரம்ஸ் யாரு?"

கம்ப்யூட்டர் என்றான். டிரம்மர் யாகூப்பைக் கூப்பிடுவதை எட்டு மாதம் முன்பே நிறுத்திவிட்டானாம். பதினாறு வருட நண்பன்தான். ஆனால் மேடையில், பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி, நடுப்பாட்டில் தாளத்தை விட்டு முன்னால் ஓடிவிடுகிறான். இன்னமும் வாரம் ஒருமுறை போன் செய்து, எப்போது ரிகர்சல் என்று கேட்கிறான். ஆல்பம் வந்துவிட்டால் அந்தக் கேள்வியும் நின்றுவிடும்.

"அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"ஆல்பத்தைக் கேட்டா அவனுக்கே புரிஞ்சிடும்."

டீச்சர் நான்காவது பாட்டை ஓடவிட்டார்.

கிடார்கள் முன்னைவிடத் தாழ்ந்த சுருதியில், பாறை உருள்வதுபோல் உறுமின. குரல் பழுத்திருந்தது. சோலோ நீளம், ஆனால் அலுக்கவில்லை. டீச்சரின் கால் கட்டைவிரல் தாளம் போட்டது. அதைப் பார்த்துப் பரிதிக்குத் தைரியம் வந்தது.

சோலோவுக்குச் சற்று முன் பாட்டு லேசாக வேகமெடுத்து முன்னால் சாய்ந்தது. பரிதி கையைத் தூக்கினான்.

"இந்த இடம் டீச்சர். நெஞ்சைத் தூக்குதில்ல? எப்படி வந்துச்சுன்னே தெரியல. ஆல்பத்திலேயே எனக்குப் பிடிச்ச இடம் இதுதான்."

டீச்சர் பாட்டை மறுபடி முதலிலிருந்து வைத்தார். இம்முறை வலது ஸ்பீக்கரில் புதியது. இடதில் முதல் ஆல்பத்தின் நான்காவது பாட்டு. இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டார்.

பரிதி காதைப் பொத்தத் தயாரானான். தேவைப்படவில்லை. மெட்டு வேறு, சொற்கள் வேறு. ஆனால் அடிகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. அந்த இடம் வந்தது. இரண்டு பாட்டும் ஒரே கணத்தில், ஒரே அளவு முன்னால் சாய்ந்து ஓடின.

அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"புதுப் பாட்டுக்குப் புது ஃபைல் திறந்தியா?" என்று டீச்சர் கேட்டார்.

இல்லை. டிரம்ஸ் ஓசை பழையபடியே இருக்க வேண்டும் என்று முதல் ஆல்பத்தின் ஃபைல்களை நகலெடுத்து, உள்ளே இருந்த வாசிப்பை அழித்துவிட்டு, அவற்றிலேயே பதிவு செய்திருந்தான். எட்டுப் பாட்டும் அப்படித்தான்.

வாசிப்பு அழிந்தது. அதன் அடியில் இருந்த தாளக்கோடு அழியவில்லை. முதல் ஆல்பத்தில் யாகூப் காதில் தாளம் காட்டும் கிளிக் ஓசை வைத்துக்கொள்ளாமல் தன் போக்கில் அடித்தான். அவன் எங்கே விரைந்தான், எங்கே தயங்கினான் என்று டீச்சர் ஒரு வாரம் உட்கார்ந்து அடிக்கு அடி குறித்த கோடு அது. கம்ப்யூட்டர் அதைப் பின்பற்றித்தான் டிரம்ஸ் அடித்திருக்கிறது.

எட்டு மாதமாக யாருடைய கையோடு வாசித்துக்கொண்டிருந்தோம் என்று பரிதிக்கு விளங்கியது.

"கம்ப்யூட்டர் அவனை மாதிரி ஓடாதுன்னு நினைச்சேன்," என்றான்.

டீச்சர் சிரிக்கவில்லை.

பிறகு, அந்தக் கோட்டை எடுத்துவிட முடியுமா என்று கேட்டான். எடுத்தாலும் பாட்டு பாட்டுதானே, எல்லாம் நான் போட்டதுதானே என்றான்.

முடியும் என்றார் டீச்சர். வளைந்து வளைந்து போன கோட்டைப் பிடித்து நேராக்கினார். கிடாரும் குரலும் இழுபட்டு அதன்மேல் வந்து உட்கார்ந்தன. ஒரு நிமிட வேலை. ஓடவிட்டார்.

எல்லாம் சரியாக இருந்தது. அந்த இடம் வந்தது. வந்தது தெரியாமல் போனது.

"நிறுத்துங்க டீச்சர்."

அவர் நிறுத்தவில்லை. ஒலியைக் கொஞ்சம் கூட்டினார்.

"நீ கேட்ட ஆல்பம் இதுதானே. முழுசா கேளு."