ஒரு கணினிக்குள் இன்னொன்று

தூத்துக்குடியில் கணினிப் பயிற்சிக்கூடம் நடத்திவந்தாள் சபூரா. அவளிடம் படித்தவர்களில் வயதில் மூத்தவர் இன்னாசிமுத்து. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

ஒரு நிறுவனம் தன் பழைய கணினிகளைக் கூடத்துக்குக் கொடுத்திருந்தது. ஒரு கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓடவிடும் 'விர்ச்சுவலைசேஷன்' பாடம் திங்கட்கிழமை தொடங்க வேண்டும். எல்லா பிராசஸருக்கும் அந்தத் திறன் கிடையாது. எவற்றில் இருக்கிறது என்று இன்னாசிமுத்துவைப் பார்க்கச் சொல்லிவிட்டு சபூரா வெளியே போனாள்.

மதியம் திரும்பியபோது கணினிகள் எல்லாம் வாசலில் கிடந்தன. பழைய சாமான் வண்டி வந்து நின்றிருந்தது.

"ஒண்ணும் தேறல டீச்சர். பாடத்தைத் தள்ளித்தான் போடணும்," என்றார் இன்னாசிமுத்து. குரல் இறங்கியிருந்தது.

"என்ன பார்த்தீங்கண்ணே?"

"விர்ச்சுவலைசேஷன்ங்கிற இடத்துல 'டிசேபிள்டு'ன்னு இருக்கு. எல்லாத்துலயும் அதேதான்."

வண்டிக்காரருக்கு டீ வரவழைத்துவிட்டு, ஒரு கணினியை உள்ளே தூக்கிவரச் சொன்னாள். அதன் பிராசஸர் பெயரைத் தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் தேடச் சொன்னாள்.

தேடியவர் நிமிர்ந்தார். "இதுக்கு உண்டுன்னு போட்டிருக்கே!"

சபூரா கணினியை அணைத்து மறுபடி போட்டாள். திரை விழிக்கும் முன்பே ஒரு விசையைத் தட்ட, அமைப்புகள் பக்கம் திறந்தது. அங்கே 'டிசேபிள்டு' என்று முடக்கி வைத்திருந்த ஒரே ஒரு வரியை மாற்றி, திறனை இயக்கிவிட்டாள். சற்று நேரத்தில் திரைக்குள் சின்னதாக இன்னொரு கணினி எழுந்தது.

இன்னாசிமுத்து வாய்விட்டுச் சிரித்தார். பிறகு யோசித்தார்.

"அப்ப 'டிசேபிள்டு'ன்னு பொய்யா சொல்லியிருக்கு?"

"இல்லண்ணே. இப்ப எப்படி இருக்குன்னு சொல்லுச்சு. அதுக்கு என்ன முடியும்னு நீங்க கேக்கல."

அவர் மற்றவற்றையும் தானே சுமந்துவந்தார். ஒவ்வொன்றாகத் தேடி, மாற்றி, ஓடவிட்டார். கடைசியில் ஒன்று மிஞ்சியது. தயாரிப்பாளரின் பக்கம் அதற்கு அந்தத் திறன் இல்லை என்றது. அமைப்புகளில் அப்படியொரு வரியே இல்லை. அதைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை. திரும்பத் திரும்பத் தேடினார்.

"எங்கயாவது ஒளிஞ்சிருக்குமோ டீச்சர்?"

"இல்லண்ணே. இதுல கிடையாது."

"அப்ப இது மட்டும் வண்டிக்கா?"

சபூரா அதை வைக்க ஜன்னலோர மேசையைத் துடைத்தாள்.

"வண்டிக்காரரை அனுப்பிட்டு வாங்க. நாம இதுகிட்ட ஒரே ஒரு கேள்விதானே கேட்டிருக்கோம்?"