ராகு காலத்தில் போன வீடு

என் பேரு ஏகாம்பரம். மாடம்பாக்கத்துல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, "அந்த ஆளா? பத்து சொன்னா ஒண்ணுதான் நிஜம்"னு. எல்லாம் பொறாமை சார். ரெண்டாச்சும் நிஜமா இருக்கும்.

போன மாசம் ஹவுஸ் ஓனர் எங்களைக் காலி பண்ணச் சொல்லிட்டார். இது பதினோராவது வாடகை வீடு. என் சம்சாரம் கற்பகம் பால் குக்கரைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டா. "இனிமே பால் காய்ச்சினா சொந்த வீட்டுலதான். அதுவரைக்கும் உங்களுக்குக் காபி கிடையாது"ன்னுட்டா. காபி இல்லாம நான் என்ன மனுஷன்? வீடு தேட இறங்கிட்டேன். தேடின கதையை ஞாயித்துக்கிழமை தணிகாசலம் சலூன்ல, ஷேவிங் நாற்காலியில உக்காந்து சொன்னேன்.

"ரெண்டு தெரு தள்ளி, கிணத்தோட ஒரு வீடு. பார்க்கப் போனா, வாசல்ல கியூ. வால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், பஸ்ஸுலயும் ஏறிடுச்சு. கடைசியில நின்னவங்க தாம்பரம் போய்ச் சேர்ந்து, அங்கயே ஆளுக்கொரு வீடு வாங்கிட்டாங்க."

பேப்பர் படிச்சிட்டிருந்த கணக்கு வாத்தியார் உமாபதி, "டிக்கெட் யார் எடுத்தா?"ன்னார்.

"சார், பாதியில கேள்வி கேட்டா எனக்குக் கணக்குத் தப்பிடும். கேளுங்க. வாசல்ல ஒரு செருப்பைக் கழட்டும்போது விலை அம்பது லட்சம். மறு செருப்பைக் கழட்டறதுக்குள்ள அறுபது. அன்னையிலேர்ந்து நான் வெறுங்காலோடதான் நடக்கறேன்."

"உங்க செருப்பு போன வாரம் கோயில்ல தொலைஞ்சுதே?"ன்னான் தணிகாசலம்.

"நீ சோப்பைப் போடுப்பா. உள்ள போனா, ஓனர் என் ஜாதகத்தைக் கேட்டார். வீட்டுக்கும் எனக்கும் பத்துப் பொருத்தம் பார்த்தார். ஒம்பது பொருந்திச்சு. அப்புறம் என்னைப் பாடச் சொன்னாருய்யா! பொண்ணு பார்க்கிற மாதிரி வீடு என்னைப் பார்த்துச்சு. நானும் வெக்கத்தை விட்டுப் பாடினேன். நாலு வரிதான். சுவத்துக் காரை உதிர்ந்துச்சு, கிணத்துத் தண்ணி மூணு அடி இறங்கிச்சு, கியூவுல இருந்த இருநூறு பேரும் காதைப் பொத்திக்கிட்டு ஓடிட்டாங்க."

"இதை நம்பறேன்"னார் வாத்தியார்.

"ஓனரும் கண்ணைத் தொடச்சிக்கிட்டு, 'வெள்ளிக்கிழமை காலையில யார் முதல்ல டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கறாங்களோ, வீடு அவங்களுக்கு. தயவுசெஞ்சு இனிமே பாடாதீங்க'ன்னார். அன்னிக்குப் பத்தரையிலேர்ந்து பன்னெண்டு ராகு காலம். நான் பணத்தோட கிளம்பும்போது மணி சரியா பத்தரை. ராகு காலத்துல எவனாவது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பானா? அதான், நேரம் கழியட்டும்னு இங்க வந்து இதே நாற்காலியில உக்காந்தேன். தணிகாசலமும் முகம் பூரா நுரையைப் பூசிட்டு, டீ வாங்கிட்டு வரேன்னு போனவன் ஒரு மணி நேரம் வரல. நுரை காஞ்சு சிமெண்ட் ஆயிடுச்சு. அப்புறம் சுத்தியலால தட்டித்தான் எடுத்தான். இல்லையா தணிகாசலம்?"

அவன் கத்தியைத் தீட்டிட்டு இருந்தான்.

"பன்னெண்டு அடிச்சதும் ஓடினேன். வீடு போயிடுச்சு."

கற்பகத்துகிட்ட நான் இன்னும் சொல்லவே இல்லை. ஆனா வாத்தியார் முன்னாடி விட்டுக்கொடுக்க முடியுமா?

"வாங்கினவன் லேசுப்பட்ட ஆளு இல்ல சார்! துபாய்க்காரன். ஹெலிகாப்டர்ல வந்து மொட்டை மாடியில இறங்கியிருக்கான். கழுத்துல சங்கிலி, நம்ம கிணத்துக் கயிறு தடிமன். அவனோட மோதி ஜெயிக்க ஏகாம்பரத்தால கூட முடியாது!"

தணிகாசலம் என் தாடையை நிமிர்த்திப் பிடிச்சு, கத்தியைத் தொண்டையில வச்சான்.

"ஹெலிகாப்டர் இல்லண்ணே. சைக்கிள்."

நான் அசையல. எப்படி அசையறது?

"மூணு வாரமா தெரு, விலை, ஓனர் பேரு எல்லாம் நீங்கதானே இங்க உக்காந்து சொன்னீங்க? எங்க மாமனார் ஊர்ல நிலம் வித்த பணம் கையில இருந்துச்சு. வெள்ளிக்கிழமை உங்களுக்கு நுரையைப் போட்டுட்டு, நேரா அங்க போய் டோக்கன் கொடுத்தேன். திரும்பும்போதுதான் டீ வாங்கினேன். ராகு காலத்துல நான் கடையை மூடறேனா என்ன?"

வாத்தியார் பேப்பரை மடிச்சு வச்சிட்டுச் சிரிச்ச சிரிப்பு இருக்கே, இன்னும் காதுல கேக்குது.

தணிகாசலம் துண்டால என் முகத்தைத் தொடச்சுவிட்டான். "மாடி போர்ஷனை வாடகைக்குத்தான் விடறேன். அண்ணி அங்க பால் காய்ச்சட்டுமே."

பன்னெண்டாவது வாடகை வீடு. என்ன பண்றது, காபி குடிச்சு ஒரு மாசம் ஆச்சு. "எப்போ வந்து பார்க்கட்டும்?"னு கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வந்துடுங்க. பன்னெண்டு மணிக்கு வேற ஒருத்தர் வரார்."