கீறல் விழாத படை

போரில் வலக்கையை இழந்த பூதத்தான் சோற்றுக்கு அலைந்தான். அவனுக்குக் களஞ்சியக் காவல் வேலை தரும்படி, அரண்மனையில் பாத்திரம் துலக்கும் மாடத்தி மன்னரிடமே கேட்டுவிட்டாள். சேனாதிபதி பதறினார். தம் படையில் ஒருவனுக்கும் கீறல்கூட விழவில்லை என்று சொல்லித்தான் அவர் பட்டம் வாங்கியிருந்தார்.

“இவன் என் வீரனே இல்லை!”

“கை தானாகவா உதிரும், எசமான்? அப்படியானால் எதிரி வீரன்தான்” என்றாள் மாடத்தி. “சிறையில் போடுங்கள். கைதிக்காவது வேளாவேளைக்குச் சோறு கிடைக்கும்.”

மன்னர் நிமிர்ந்தார். “கோட்டைக்குள் எதிரி எப்படி நுழைந்தான்? காவல் உம்முடையதுதானே?”

சேனாதிபதி அங்குமிங்கும் நடந்தார், வேர்வையைத் துடைத்தார். “நம்மவன்தான், மகாராஜா” என்று முனகினார்.

“களஞ்சியச் சாவியை இவனிடம் கொடுங்கள்” என்ற மன்னர், சேனாதிபதியிடம் திரும்பினார். “இன்னும் எத்தனை பேர் இப்படி?”



“வாசலில் நிற்கிறார்கள், மகாராஜா” என்றாள் மாடத்தி. “உள்ளே வரச் சொல்லட்டுமா?”