திருப்பிக் கொடுத்த எலுமிச்சம்பழம்

“ராஜா முடியாதுன்னுட்டாராம். நாளைக்கு அந்த மாமரம் விறகுதான்!”

மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ சொல்லிக்கொண்டு போனது காதில் விழுந்ததும், நந்தவனத்தில் உலாவிக்கொண்டிருந்த ராஜா நின்றுவிட்டார்.

மருதங்குறிச்சிச் சீமையை வேங்கைமாறன் ஆண்டுவந்த காலம் அது. நல்ல ராஜாதான், ஆனால் குழம்பில் உப்பு கூடினால் அன்றைய நியாயமும் கரிக்கும்.

எந்த மாமரம் என்று அவருக்குத் தெரியும். சிறுவயதில் மந்திரி ஆதிச்சனோடு ஏறி மாங்காய் திருடிய மரம். மரத்துக்காரி சடைச்சியின் மாமியார் அப்போது துடைப்பத்தோடு ஓடிவருவாள். பிடித்துவிட்டால் திட்டிக்கொண்டே தொட்டுத் தின்ன உப்பும் கொடுப்பாள்.

இப்போது அந்த மரம் தன் எல்லைக்குள் இருப்பதாகப் பூவண்ண ராயர் வழக்குப் போட்டிருந்தார். சபையில் முன்வரிசைக்கு ஏங்கும் பிரபு அவர். எல்லையை அளந்து விசாரிக்க இன்னும் நாள் இருந்தது. “அதுவரைக்கும் யாரும் மரத்துல கை வைக்கக்கூடாதுன்னு உத்தரவு போடுங்க, மகாராஜா” என்று அன்று காலை சடைச்சி கேட்டாள். குழம்பு கரித்த காலை. “வெட்ட வராத மரத்துக்கு உத்தரவா? முடியாது, போ!”

மனு கொடுப்பவர் ராஜா முன் எலுமிச்சம்பழம் வைப்பது அந்தச் சபை வழக்கம். வழக்கு தீர்ந்தால் பழத்தை அறுத்து இருவருக்கும் கொடுப்பார்கள். கேட்டதை மறுத்தால் முழுசாகத் திருப்பிக் கொடுப்பார்கள். ஏன் என்று ராஜா தன் அப்பாவிடம் கேட்டதே இல்லை.

“ஆதிச்சா, நம் மரத்தை நானே வெட்டச் சொல்லிவிட்டேனா?”

“நீங்கள் எங்கே சொன்னீர்கள்? நீங்கள் மறுத்ததற்கு ராயர்தான் அப்படி அர்த்தம் சொல்கிறார். நாளைக்குச் சபையில் கொஞ்ச நேரம் வாயைத் திறக்காமல் இருங்கள், போதும்.”

“அது கஷ்டமாயிற்றே!”

மறுநாள் கோடாரிக்காரர்களை மரத்தடியில் நிறுத்திவிட்டு ராயர் சபைக்கு வந்தார். அவர் ஆசனத்தைக் காணோம்.

“என் ஆசனம் எங்கே?”

“நேற்று நீங்களும் ஆசனம் கேட்டீர்கள். ராஜா மறுத்தார். ஆகவே ஆசனமே இல்லை” என்றார் ஆதிச்சன்.

“நான் கேட்டது முன்வரிசை ஆசனம்! அதைத் தரவில்லை, சரி. இருந்ததை எப்படிப் பறிக்கலாம்? பாரும், என் பழத்தைக்கூட அறுக்காமல்தான் கொடுத்தார்கள். இருந்தது இருந்தபடியே என்றுதானே அதற்கு அர்த்தம்!” ராயர் மடியிலிருந்து எடுத்துக் காட்டினார்.

“சடைச்சி, உன் பழம் எங்கே?”

அவளும் காட்டினாள். முழுசு. சபை கொல்லென்று சிரித்தது. ராயர் தலையைக் குனிந்துகொண்டார்.

சடைச்சி பழத்தை மறுபடி ராஜா முன் வைத்தாள். “நேத்து வெட்ட வரலை. இன்னிக்குக் கோடாரி மரத்தடியில நிக்குது, மகாராஜா.”

இந்த முறை ராஜா பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். “வழக்கு முடியும்வரை மரம் நிற்கட்டும். ராயரே, புது ஆசனம் கேட்டீர் அல்லவா? தந்தேன். அதை மாமரத்தடியில் போட்டு நீரே காவல் இரும்.”

தன் முத்துமாலையைக் கழற்றி ஆதிச்சன் கழுத்தில் போட்டார்.

“கொஞ்சம் உப்பும் கொடுத்தால் நன்றாயிருக்கும்” என்றார் ஆதிச்சன்.

சாயங்காலக் காற்றில் ஒரு மாம்பழம் ராயர் மடியில் விழுந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து போய், அதைச் சடைச்சியின் வாசற்படியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.