மோட்டார் வயரும் மணி வயரும்

முதியோர் இல்லத்தில் சிதம்பரதாணு இறந்துபோனார் என்று கேட்டதிலிருந்து ரத்தினராஜுக்குச் சோறு இறங்கவில்லை. கட்டிலோரத்து அழைப்பு மணியின் பொத்தானில் அவர் விரல் அப்படியே இருந்ததாம். அந்த மணிக்கு வயர் இழுத்துக் கொடுத்தவன் இவன்தான்.

அன்றைக்கு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். பஸ் கண்டக்டராக இருந்தவர்.

“நான் விசில் ஊதினா பஸ்ஸே நிக்கும். இத அமுக்கினா ஆளு வருமா தம்பி?”

“பறந்து வருவாங்க ஐயா.”

வாய் கூசாமல் சொல்லிவிட்டான். இப்போது மனசு கேட்குமா? தனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஞானசெல்வியிடம் ஓடினான்.

“அக்கா, மணி வயருக்குத் தனிப் பைப் போடச் சொன்னீங்க. சுவரைக் கொத்தச் சோம்பல்பட்டு, தண்ணி மோட்டார் வயர் போற பைப்லயே விட்டுட்டேன். ஆனா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடலக்கா. மேல் உறைகூடக் கிழியல. மணியும் அடிக்குது. அப்புறம் எப்படி என் தப்பாகும்? இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

 அவள் வண்டியை எடுத்து அவனைச் சிதம்பரதாணுவின் அறைக்கே கூட்டிப்போனாள்.

“படு.”

அவர் கட்டிலில் படுத்தான். உடம்பெல்லாம் கூசியது. தலையணையில் இன்னும் தைல வாசம்.

ஞானசெல்வி கதவோரத்தில் இருந்த மோட்டார் சுவிட்சைப் போட்டாள். அவன் பொத்தானைத் தொடவேயில்லை. வெளியே மணி கணகணவென்று அடித்தது.

வராந்தாக் கோடியில் ஒரு பணிப்பெண் அவர்களுக்கு முதுகு காட்டித் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவர்கள் வந்ததே அவளுக்குத் தெரியாது.

“மோட்டாரப் போட்டுட்டாங்க. சனியன், இனி அதுபாட்டுக்கு அடிக்கும்,” என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம்.

“முதல்ல எல்லாம் எப்படி ஓடுவோம்!” என்றாள் மற்றவள்.

ஞானசெல்வி மோட்டாரை நிறுத்தினாள். மணி அடங்கியது.

“தொடலன்னாலும் மோட்டார் கரண்டு பக்கத்துல ஓடுற மணி வயர்லயும் ஏறும். இப்ப நீ அமுக்கு.”

அமுக்கினான். அதே மணி, அதே சத்தம்.

“மறுபடியும் மோட்டாரு,” என்று சலித்துக்கொண்டு பணிப்பெண் அடுத்த போர்வையை உதறினாள்.

விரலை எடுக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தான். ஐயோ, அவரும் இப்படித்தானே பார்த்திருப்பார். கண்ணீர் காதுக்குள் இறங்கியது.

“எவ்வளவு நேரம்க்கா அமுக்கணும்?”

“யாராவது வர்ற வரைக்கும்.”