பொந்துக்குள் ஈரம்

துள்ளி என்ற அணிலுக்கு அன்று தலைகால் புரியவில்லை! கரட்டுக் காட்டுக் கட்டெறும்புகள், மழைக்காலத் தானியத்தை எங்கே சேமிக்கலாம் என்று அவளிடம் யோசனை கேட்டிருந்தன. ஒன்றிரண்டு எறும்பா? ஒரு புற்றே திரண்டு வந்து கேட்டது!

"மருதமரப் பொந்து! கண்ணை மூடிக்கிட்டு வைக்கலாம்!" என்றாள் துள்ளி.

எறும்புகள் சாரைசாரையாகச் சுமந்து போய்ப் பொந்தை நிரப்பின. புற்றிலிருந்த குஞ்சுகளுக்கு மழை முடியும்வரை அதுதான் சாப்பாடு.

முதல் மழை பெய்ததும் துள்ளி சும்மா எட்டிப் பார்க்கப் போனாள். ஐயையோ! பொந்துக்கு மேலே ஒரு விரிசல். தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, மேலாக இருந்த தானியம் ஊறிப் போயிருந்தது.

பக்கத்துக் கிளையில் இருந்த மைனா இதைப் பார்த்துவிட்டது.

"மூச்சு விடாதே! எறும்புங்க இப்போதைக்கு இங்கே வராது. வரும்போது மழை மேல பழியைப் போட்டுடு! நீயே போய்ச் சொன்னா உன் பேரு நாறிடும். அப்புறம் ஒரு ஈ கூட உன்கிட்டே யோசனை கேட்காது!"

துள்ளிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பேசாமல் வீட்டைப் பார்த்து நடந்தாள். பாதி வழியில் டமார் என்று இடி! குஞ்சுகளின் ஞாபகம் வந்துவிட்டது. எடுத்தாள் பாருங்கள் ஓட்டம்! புற்று வாசலில் போய்த்தான் நின்றாள்.

"கருப்பாயி அக்கா! நான் சொன்ன இடம் தப்பு! மேலே விரிசல் இருக்கு. நான் ஏறிப் பார்க்கலை. தானியம் நனையுது, எல்லாரும் ஓடி வாங்க!"

"அடிப் பாவி! உன்னை நம்பினோமே!" என்று கத்தினாள் எறும்புத் தலைவி கருப்பாயி.

எறும்புகள் திட்டிக்கொண்டே ஓடின. துள்ளியும் வாயில் கவ்விக் கவ்விச் சுமந்தாள். நனைந்தது போனது போனதுதான். மிச்சத்தைப் பாறை இடுக்கில் சேர்க்கவும், மழை பிய்த்துக்கொண்டு கொட்டவும் சரியாக இருந்தது!

மைனா எறும்புகளிடம் பறந்து வந்தது. "என்னைக் கேட்டிருக்கக் கூடாதா? நான் சொல்ற இடத்தில் ஒரு மணி தானியம்கூடக் கெடாது!"

துள்ளி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கேடி போறே? அடுத்த வருஷத்துக்கு எங்களுக்கு யாரு இடம் சொல்றது?" என்றாள் கருப்பாயி.

"நானா? நனைய விட்டவளே நான்தானே அக்கா!"

"ஆமா, அந்தக் கோபம் இன்னும் ஆறலை! இனிமே ஏறிப் பார்க்காம வாயைத் திறந்தே, வாலைக் கடிச்சிடுவேன்! ஆனா கெடாது கெடாதுன்னு சொல்றதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. கெட்டுப்போச்சுன்னு ஓடி வந்து சொல்றதுக்கு நீ ஒருத்திதான்டி இருக்கே!"

ஊரார் பொருளுக்கு யோசனை சொல்பவர், நல்ல சேதியைவிடக் கெட்ட சேதியை முந்திக்கொண்டு சொன்னால்தான் நம்பிக்கை நிலைக்கும்.