மூன்று ரூபாய் மீட்டரும் முந்நூறு ரூபாய் மீட்டரும்

வேங்கைக்காடு சமஸ்தானத்தை ஆண்ட ராஜா மகுடபூபதிக்கு ஐம்பது வயதில் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. தினமும் காலையில் அரண்மனை வாசலில் ஏறுவார். கிழக்கே ஆற்றோரம் இருந்த தன் மாந்தோப்பு வரை ஒரு மணி நேரம் மிதிப்பார். பின்னால் சைக்கிளில் வரும் சேவகர்கள் அவரை முந்திவிடாமல் இருக்கப் படாத பாடு படுவார்கள். மேட்டிலும் பிரேக் பிடித்தபடியே ஏறுவார்கள்.

தன் வேகம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ராஜாவுக்கு ஒருநாள் ஆசை வந்தது. கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த மைதீன், தானே செய்த ஒரு மீட்டரைக் கொண்டுவந்து மாட்டினார். ஒரு தகர டப்பா, இரண்டு பல்சக்கரம், ஒரு முள், அவ்வளவுதான். போன தூரத்தையும் காட்டும், வேகத்தையும் காட்டும். விலை மூன்று ரூபாய்.

அது மணிக்கு ஒன்பது மைல் என்று காட்டியது.

ராஜா முள்ளை விரலால் இரண்டு தரம் தட்டிப் பார்த்தார். அந்தத் தட்டலைத் திவான் ஜம்புலிங்கம் சரியாகப் புரிந்துகொண்டார். மூன்று ரூபாய்ச் சாமானுக்கு ராஜவேகம் எப்படித் தெரியும் என்று வருத்தப்பட்டார். பட்டணத்துக்கு ஆள் அனுப்பி, முந்நூறு ரூபாய்க்கு ஒரு சீமை மீட்டரை வரவழைத்தார். வெல்வெட் பெட்டியில் வந்தது. முகத்தில் பறக்கும் கழுகு முத்திரை. திவானே மண்டியிட்டு மாட்டினார்.

மறுநாள் அது இருபத்தேழு காட்டியது.

ராஜா திவானைக் கட்டிக்கொண்டார். உயர்ந்த பொருளுக்குத்தான் உயர்ந்த மனிதரைப் புரிந்துகொள்ளத் தெரியும் என்று திவான் அடக்கமாகச் சொன்னார். அன்று மாலையே தண்டோரா போட்டார்கள். இனி இந்த சமஸ்தானத்தில் சீமை மீட்டர் காட்டுவதே தூரம், அதுவே வேகம். ராஜாவை ஒன்பது மைல் என்று இழிவுபடுத்திய மைதீன் கடைக்குச் சீல். மூன்று நாளில் குடும்பத்தோடு எல்லையைத் தாண்டிவிட வேண்டும்.

மைதீன் நேரே தாண்டவராயரிடம் போனார். அரண்மனைக் கடிதங்களை எழுதுகிறவர் அவர். ராஜாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டு இருபது வருஷமாக உயிரோடு இருப்பவர் என்று ஊரில் பெயர்.

"நான் ஊரை விட்டுப் போறது கூடப் பரவாயில்லைங்க. பொய் சொன்னவன்னு பேர் வாங்கிட்டுப் போகணுமே," என்றார் மைதீன். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். கடையைத் தவிர வேறு எதுவும் கிடையாது.

தாண்டவராயர் அவரைச் சைக்கிள் கொட்டகைக்கு அழைத்துப்போய் சீமை மீட்டரைக் காட்டினார். மைதீன் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். காரணத்தைக் கேட்டுக்கொண்ட தாண்டவராயர், யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் ராஜா தோப்புக்கு வந்து சேர்ந்தபோது, விடியுமுன்பே மாட்டுவண்டியில் கிளம்பிய தாண்டவராயர் ஏற்கெனவே மரத்தடியில் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். திவானும் உடன் இருந்தார்.

"யாருக்கு ஓலை?" என்றார் ராஜா, மூச்சு வாங்கியபடி.

"சிறுகுன்றத்து ராஜாவுக்கு, மகாராஜா. இந்தத் தோப்பை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி."

ராஜாவின் முகம் வெளுத்தது. அந்தப் பக்கத்து சமஸ்தானத்து ராஜா இந்தத் தோப்புக்காக அப்பா காலத்திலிருந்து வழக்காடிக்கொண்டிருந்தவர்.

தாண்டவராயர் நிதானமாக விளக்கினார். அரண்மனை வாசலிலிருந்து கிழக்கே பதினைந்து மைல் வரைதான் நமக்கு என்பது உடன்படிக்கை. சீமை மீட்டரோ தோப்பு இருபத்தேழாவது மைலில் இருப்பதாகக் காட்டுகிறது. வழியில் உள்ள மைல்கற்கள் ஒன்பது என்றுதான் சொல்கின்றன. ஆனால் அவை உள்ளூர்க் கற்கள். ஒன்றிலும் கழுகு இல்லை. தண்டோராப்படி அவற்றை நம்புவது ராஜ துரோகம்.

"நேற்று வரை மகாராஜா அடுத்தவர் தோப்பில்தான் மாம்பழம் சாப்பிட்டிருக்கிறீர்கள். அதற்கும் ஒரு வரி மன்னிப்பு சேர்த்திருக்கிறேன். முத்திரை மட்டும் வைக்க வேண்டும்."

ராஜா மரங்களைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். வேகமா தோப்பா என்று அவர் மனம் அல்லாடியது முகத்திலேயே தெரிந்தது. காய்ப்பு நல்ல காய்ப்பு.

"ஒன்பது மைல்தான்," என்றார் கடைசியில், மெல்லிய குரலில். "ஒன்பதே போதும்."

மைதீனைத் தோப்புக்கே வரவழைத்தார்கள். அவர் சக்கரத்தைக் காட்டினார். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால், கம்பியில் மாட்டிய ஊசி மீட்டரை ஒரு தடவை தட்ட வேண்டும். பெட்டியில் மூன்று ஊசிகள் வந்திருந்தன. ஒன்று மாட்ட, இரண்டு மாற்றுக்கு. முந்நூறு ரூபாய்ப் பொருளில் எதையும் வீணாக்கக் கூடாதென்று திவான் மூன்றையும் மாட்டியிருந்தார்.

மைதீன் இரண்டு ஊசிகளைக் கழற்றினார். தன் தகர மீட்டரையும் பக்கத்தில் பொருத்தினார். ராஜா அரண்மனைக்குத் திரும்பி மிதித்தார். இரண்டும் ஒன்பது காட்டின.

கடையின் சீல் அன்றே உடைந்தது. மைதீன் அரண்மனைச் சைக்கிள்காரர் ஆனார். தாண்டவராயருக்கு ஒரு கூடை மாம்பழம் போயிற்று.

ஆனாலும் ராஜாவுக்கு ஒரு சந்தேகம் தீரவில்லை. சபையில் கேட்டார்.

"இரண்டும் ஒன்பதுதான் காட்டுகின்றன. அப்படியானால் மூன்று ரூபாய்க்கும் முந்நூறு ரூபாய்க்கும் என்னதான் வித்தியாசம்?"

"பெரிய வித்தியாசம், மகாராஜா," என்றார் தாண்டவராயர். "முந்நூறு ரூபாய் மீட்டர் தப்பாகக் காட்டியபோது மாந்தோப்பையே நகர்த்தினோம். மூன்று ரூபாய் மீட்டர் சரியாகக் காட்டியபோது மைதீனை நகர்த்தப் பார்த்தோம்."

ராஜா சிரித்தார். ராஜா சிரித்ததை உறுதி செய்துகொண்டு திவானும் சிரித்தார்.

அன்றிலிருந்து ராஜாவின் சைக்கிளில் மைதீனின் தகர டப்பாதான். கழுகு மீட்டர் வெல்வெட் பெட்டிக்குள் போய்விட்டது. வெளியூர் ராஜாக்கள் விருந்துக்கு வரும் நாளில் மட்டும் அதை எடுத்து மாட்டுவார்கள். மூன்று ஊசிகளோடு.